கலண்டரில் அம்மா வைத்த புள்ளிகள்

கொழும்பில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் நான் மொழிபெயர்ப்பாளராகப் பதினாறு வருடம் வேலை செய்தேன். சிங்களத்தில் வரும் கடிதத்தைத் தமிழாக்க வேண்டும், தமிழில் வருவதைச் சிங்களமாக்க வேண்டும். அந்தப் பதினாறு வருடத்தில் நான் அதிகமாகத் தட்டச்சு செய்த சொல் 'நினைவூட்டல்' என்பதாகத்தான் இருக்கும். ஒரு கடிதத்துக்குப் பதில் வராவிட்டால் முதலாம் நினைவூட்டல் போகும். அதற்கும் வராவிட்டால் இரண்டாம் நினைவூட்டல். அந்தப் பக்கத்தில் இருப்பவர் மறந்துவிட்டார் என்று நினைத்து யாரும் அதை அனுப்புவதில்லை. நாங்கள் கேட்டோம், நீங்கள் சொல்லவில்லை என்பதற்கு ஒரு தாள் கோப்பில் இருக்க வேண்டும். எழுதி வைப்பது என்றால் இப்படி அடுத்த ஆளுக்குக் காட்டுவதற்காக என்றே நான் பழகியிருந்தேன்.

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இலக்கங்கள் மட்டும் தெரியும். தேயிலைக் கொழுந்து நிறுக்கும்போது தராசைப் பார்த்துப் பார்த்து அது வந்துவிட்டது. பதுளைக்குப் பக்கத்து ஹாலிஎலயிலிருந்து மேலே ஏறிப்போகும் தோட்டம் ஒன்றில், ஒரே வரிசையில் ஆறு காம்பரா உள்ள லயத்தின் கடைசிக் காம்பராவில் அவள் தனியாக இருந்தாள். அப்பா இறந்து ஒன்பது வருடமாகிறது. தம்பி கத்தாரில் லொறி ஓட்டுகிறான். கொழும்புக்கு வந்து என்னோடு இருக்கச் சொன்னால், அங்கே நிற்க இடமில்லை, நடக்கவும் இடமில்லை என்பாள். வயதாகித் தோட்டத்து வேலைப் பதிவிலிருந்து பேர் வெட்டின பிறகு காம்பராவுக்குப் பின்னால் போஞ்சி போட்டிருந்தாள். ஒரு கோழி வளர்த்தாள். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை குடித்தாள்.

டிசம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை வேலைக்குப் போகும் பஸ்ஸில் இருக்கும்போது பக்கத்துக் காம்பரா அக்காவிடமிருந்து அழைப்பு வந்தது. அவள் எங்களுக்கு உறவில்லை. ஆனால் அம்மாவுக்கு எது என்றாலும் முதலில் தெரிவது அவளுக்குத்தான்.

"அம்மாவுக்கு வாய் ஒரு பக்கமா இழுத்துக்கிச்சு. பேச்சு வரல. ஆட்டோவுல பதுளைக்குக் கொண்டு போறோம். நீ வீட்டுக்கு வராத, நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துரு" என்றாள்.

அடுத்த தரிப்பில் இறங்கி, அப்படியே பதுளை பஸ்ஸைப் பிடித்தேன். கையில் அலுவலகப் பையும் மதியச் சோற்றுப் பொட்டலமும்தான் இருந்தன. போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. அம்மா விழித்துக்கொண்டுதான் இருந்தாள். என்னைப் பார்த்தாள், உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. வலது கை போர்வைக்கு வெளியே யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருளைப் போலக் கிடந்தது.

மறுநாள் காலை வார்டு டாக்டர் என்னைக் கூப்பிட்டார். இளம் வயதுப் பெண், சிங்களத்தில் பொறுமையாகப் பேசினார். அம்மா என்னென்ன மாத்திரை குடிக்கிறார், கடைசியாக எப்போது குடித்தார், இடையில் விட்டிருக்கிறாரா என்று கேட்டார். மாத்திரையின் பெயர் எனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை போன் பேசினால் "மாத்திர போடுறியாம்மா?" என்று கேட்பேன். "போடுறேன்" என்பாள். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். கிளினிக் புத்தகத்தையும் மாத்திரை உறைகளையும் கொண்டுவரச் சொன்னார் டாக்டர்.

பத்து மணி பஸ்ஸில் தோட்டத்துக்குப் போனேன். அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் கிளினிக் புத்தகம் இருந்தது. பிஸ்கட் டின்னுக்குள் மாத்திரை உறைகள் இருந்தன. எல்லாம் வெறும் உறைகள். ஒரு மாத்திரைகூட மிச்சமில்லை. எப்போது தீர்ந்தது என்று உறையைப் பார்த்து எப்படித் தெரியும்? அக்கா அன்றைக்கு வேலைக்குப் போகாமல் எனக்காகக் காத்திருந்தாள். அவளிடம் கேட்டேன். அம்மா மாத்திரையைத் தானே எடுத்துப் போட்டுக்கொள்வதால் தனக்குத் தெரியாது என்றாள். பிறகு என்ன நினைத்தாளோ, அடுப்படிச் சுவரைக் காட்டி, "கலண்டர்ல எதையோ போட்டு வைக்குமே" என்றாள்.

பதுளையில் ஒரு கடையில் கொடுத்த கலண்டர் அது. மாதத்துக்கு ஒரு தாள். புகைபட்டு ஓரமெல்லாம் பழுப்பேறியிருந்தது. ஆணியில் நூல் கட்டி ஒரு நீலப் பேனை தொங்கியது. நான் வருடத்துக்கு மூன்று தடவை அந்த வீட்டுக்கு வருகிறேன், அந்தக் கலண்டருக்கு எதிரில் உட்கார்ந்துதான் தேத்தண்ணீர் குடிப்பேன். அதில் யார் எதைக் கிறுக்கியிருக்கிறார்கள் என்று ஒரு நாளும் எழுந்துபோய்ப் பார்த்ததில்லை.

ஒவ்வொரு தேதிக்குக் கீழேயும் இரண்டு புள்ளிகள் இருந்தன, இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று. ஜனவரித் தாளிலிருந்து பார்த்தேன். சில நாளில் வலது புள்ளி மட்டும் விட்டுப்போயிருந்தது. மற்றபடி வரிசையாக ஓடியது. காலை மாத்திரை, இரவு மாத்திரை. அதைக் கண்டுபிடிக்கப் பெரிய கெட்டித்தனம் வேண்டியிருக்கவில்லை. மாதத்துக்கு ஒரு தேதியில் பெருக்கல் குறி இருந்தது. கிளினிக் புத்தகத்தை விரித்துத் தேதிகளை ஒப்பிட்டேன். பெருக்கல் குறி போட்ட நாளெல்லாம் கிளினிக் நாள்.

நவம்பர் மூன்றாம் வாரத்தில் புள்ளிகள் நின்றுவிட்டன. அதற்குப் பிறகு அம்மா விழுந்த நாள் வரை பதினெட்டுத் தேதிகளுக்குக் கீழே ஒன்றுமில்லை. புள்ளி நிற்பதற்குச் சற்று முன்னால் மூன்று நாட்களுக்கு மேலே வளைந்து வளைந்து ஒரு கோடு போயிருந்தது. அந்த மூன்றில் நடுநாளில், முன்கூட்டியே போட்டு வைத்த பெருக்கல் குறியும் இருந்தது. ஆனால் கிளினிக் புத்தகத்தில் அந்த நாளுக்குரிய இடத்தில் யாரும் எதையும் எழுதியிருக்கவில்லை.

அக்காவைக் கூப்பிட்டு அந்த வளைகோட்டைக் காட்டினேன்.

"அது அந்த மழ" என்றாள். "மூணு நாளும் பள்ளிக்கூடத்துலதான் படுத்தோம்."

எங்கள் லயத்துக்கு மேலே மலையில் ஒரு வெடிப்பு இருக்கிறது. மீரியபெத்தவில் மலை சரிந்து லயங்களையே மூடிய பிறகு பெருமழை என்றால் யாரும் அசட்டையாக இருப்பதில்லை. பாயைச் சுருட்டிக்கொண்டு தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுவார்கள். அந்தத் தடவை கீழ் வளைவில் மண் சரிந்து பாதையும் மூடிக்கொண்டது. பஸ் வரவில்லை. கிளினிக் நாள் அப்படியே போய்விட்டது. கையில் இருந்த மாத்திரை இன்னும் சில நாளைக்குத்தான் வந்தது.

"பாத சரியானப்புறம் போயிருக்கலாமே" என்றேன். என் குரல் உயர்ந்துவிட்டது என்று எனக்கே தெரிந்தது.

"நானும் சொன்னேன். தேதி தப்பிப் போனா ஏசுவாங்க, அடுத்த தேதிக்கே போறேன்னுச்சு. ஒங்கிட்டயாவது சொல்லுன்னேன். வேலைக்குப் போற புள்ளைய ஏன் தொந்தரவு பண்ணணும்னுச்சு."

அக்காவைக் கோபிக்க ஒன்றுமில்லை. ஆனாலும் கொஞ்ச நேரம் அவள் முகத்தைப் பார்க்காமல் அடுப்பைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அந்தப் பதினெட்டு நாளுக்குள் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் வந்திருந்தன, இரண்டில் நான் பேசியிருந்தேன். இரண்டு தடவையும் நான் கேட்டேன். இரண்டு தடவையும் அம்மா போடுகிறேன் என்றுதான் சொன்னாள். என்னிடம் அப்படிச் சொல்லிவிட்டு, போய்க் கலண்டரில் ஒரு புள்ளி வைத்திருந்தால் நான் நம்பியே இருப்பேன். வைக்கவில்லை. எனக்குச் சொன்ன பொய்யை அம்மா கலண்டருக்குச் சொல்லவில்லை.

கலண்டரை ஆணியிலிருந்து கழற்றிச் சுருட்டி, பழைய துண்டால் கட்டி எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் அதை மேசையில் விரித்து இரண்டு பக்கமும் கோப்பால் பாரம் வைத்தார். நான் ஒவ்வொரு குறியாக விளக்கினேன். அவர் பேனை முனையால் வெற்றுத் தேதிகளை எண்ணி, பதினெட்டு என்று தாளில் எழுதிக்கொண்டார். நோயாளிகளின் வீட்டார் பெரும்பாலும் 'குடிக்கிறார், ஆனால் சில நேரம் விட்டிருக்கலாம்' என்றுதான் சொல்வார்கள், இவ்வளவு தெளிவாக யாரும் கொண்டுவந்து காட்டியதில்லை என்றார். எழுதியது யார் என்று கேட்டார். கட்டிலில் இருப்பவர்தான் என்றேன். டாக்டர் எழுந்துபோய் அம்மாவின் இடது கையைப் பிடித்து, மிகவும் நல்லது என்று சிங்களத்தில் சொன்னார். எதற்காக அந்தப் பாராட்டு என்று அம்மாவுக்குப் புரியவில்லை. என்னைப் பார்த்தாள். பிறகு சொல்கிறேன் என்று தலையை ஆட்டினேன்.

ஆஸ்பத்திரியில் பார்வையாளரை மதியமும் மாலையும்தான் விடுவார்கள். இடையில் இருக்கும் மணித்தியாலங்களில் வெளியே ஒரு மர வாங்கில் உட்கார்ந்து அந்தக் கலண்டரையே பார்த்துக்கொண்டிருப்பேன். மொழிபெயர்ப்பு வேலை செய்து செய்து, தெரியாத எழுத்தைக் கண்டால் விட மனம் வராது. உருளை மாதிரி ஒரு படம், இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வந்தது. அது காஸ் மாற்றிய நாள் என்று அம்மாவைப் பார்க்க வந்த அக்கா சொன்னாள். வட்டம் ஒன்று இருந்தது. அது ஒழுங்கில்லாமல் வந்தது. வருடத் தொடக்கத்தில் நிறைய இருந்தது, போகப் போகக் குறைந்து நவம்பரில் நாலு வட்டம்தான். அந்த நாலில் மூன்று ஞாயிற்றுக்கிழமையில் விழுந்திருந்தன.

ஞாயிற்றுக்கிழமை என்றால் நான் பேசும் நாள். என் போனில் பதிவாகியிருந்த அழைப்புகளை எடுத்துக் கலண்டரோடு ஒப்பிட்டேன். அவையும் போகப் போகக் குறைந்திருந்தன. சில பொருந்தின. சில பொருந்தவில்லை. பொருந்தாததைத் தம்பி பேசிய நாள் என்று வைத்துக்கொண்டேன். பிள்ளைகள் பேசிய நாளையெல்லாம் அம்மா வட்டம் போட்டு வைத்திருக்கிறாள், வருடம் போகப் போக அது நாலாகக் குறைந்துவிட்டது என்று முடிவு கட்டினேன். அந்த வாங்கில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டு அழுதேன். பக்கத்தில் இருந்த சிங்கள அம்மா ஒருத்தி என் நோயாளி இறந்துவிட்டதாக நினைத்து முதுகைத் தடவிக்கொடுத்தாள். இல்லை என்று சொல்லவும் எனக்கு வெட்கமாக இருந்தது. கத்தாருக்குப் போன் பண்ணித் தம்பியிடமும் இதைச் சொன்னேன். அவன் அன்றிலிருந்து தினமும் அழைக்கத் தொடங்கினான்.

பன்னிரண்டு நாளில் அம்மாவை வீட்டுக்கு அனுப்பினார்கள். வாய் நேராகிவிட்டது. கால் இழுத்துக்கொண்டாலும் பிடித்து நடந்தாள். பேச்சு மட்டும் ஒரு சொல், இரண்டு சொல்லாக வந்தது. எனக்கு லீவு இன்னும் மூன்று வாரம் இருந்தது. அதற்குப் பிறகு அக்காதான் பார்த்துக்கொள்ள வேண்டும். அவள் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். ஆகவே அவளுக்காக வெள்ளைத் தாளில் பெரிய எழுத்தில் எழுதி வீடு முழுக்க ஒட்டினேன். காலையில் கையை மடக்கி நீட்டும் பயிற்சி இருபது தடவை. உப்பு போடாத கஞ்சி. கருவாடு கொடுக்கக்கூடாது. அலுவலகத்தில் அறிவித்தல் ஒட்டுவது மாதிரி ஒன்றுக்குக் கீழே ஒன்றாக ஒட்டினேன். அடுப்படிச் சுவரில் இடமில்லை என்று, மாத்திரை நேரங்களை எழுதிய தாளைத் திரும்ப மாட்டிய கலண்டரின் மேலேயே ஒட்டிவிட்டேன்.

அம்மா கட்டிலில் இருந்தபடி அந்தத் தாள்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் வீட்டில் தனக்குத் தெரியாத ஆட்கள் வந்து நிற்பதைப் பார்ப்பது போல இருந்தது அந்தப் பார்வை. நாலாம் நாள் காலை நான் தண்ணீர் பிடித்துக்கொண்டு வரும்போது அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு அடுப்படியில் நின்றாள். மாத்திரைத் தாளை இடது கையால் பிய்த்துக் கீழே போட்டிருந்தாள். பேனையை எட்டிப் பிடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விழுந்துவிடுவாள் என்ற பயத்தில் ஓடிப்போய்ப் பிடித்தேன். எதையாவது கேட்டால் சொல் வராமல் தவிப்பாளே என்று ஒன்றும் கேட்கவில்லை. பேனையை எடுத்து அவள் இடது கையில் வைத்தேன். புள்ளி வைக்கப் போய் அது ஒரு நீளக் கீறலாக விழுந்தது. பேனையை என்னிடமே தந்துவிட்டாள். நான் அன்றைய தேதிக்குக் கீழே ஒரு புள்ளி வைத்தேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்து இடது பக்கமாகத் தள்ளினாள்.

"கா... காலைக்கு... இந்தப் பக்கம்."

நான் வலது பக்கத்தில் வைத்துவிட்டேனாம். எல்லாம் தெரிந்தவள் போல டாக்டருக்கு விளக்கிவிட்டு வந்தவள், புள்ளியைத் தப்பான இடத்தில் வைத்துவிட்டேன். அதைச் சரிபண்ணினேன். மாத்திரையை எடுத்துக் கொடுத்தேன், குடித்தாள். அந்த மாதிரி மூன்று சொல் சேர்ந்தாற்போல் அவள் வாயிலிருந்து வந்தது அன்றைக்குத்தான். மற்றத் தாள்களை அன்று பின்னேரமே கழற்றிவிட்டேன். அக்காவிடம் வாயால் சொன்னேன். ஒரு தடவை கேட்டால் அவளுக்குப் போதுமாக இருந்தது.

ஜனவரியில் புதுக் கலண்டர் மாட்டினோம். பழையதை எறிய வேண்டாம் என்று சொல்லி அம்மா மடியில் வைத்துக்கொண்டாள். பேச்சு அதற்குள் நன்றாகத் திரும்பியிருந்தது. மெதுவாக, நடுநடுவே நிறுத்தி நிறுத்திப் பேசுவாள். லீவு முடிய இரண்டு நாள் இருக்கும்போது, மனதில் இருந்ததை இனியும் வைத்திருக்க முடியாமல் பேச்செடுத்தேன். வட்டங்களைத் தொட்டுக் காட்டி, இனிமேல் ஒழுங்காகப் பேசுகிறேன், தம்பியும் பேசுவான் என்றேன்.

அம்மா தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அது கோழி முட்ட" என்றாள்.

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. கோழி முட்டை போட்ட நாளையெல்லாம் வட்டம் போட்டு வைத்திருக்கிறாள். போன வருடத் தொடக்கத்தில் நல்லாப் போட்டதாம், பிறகு குறைத்துவிட்டதாம். இன்னும் வைத்திருப்பதா, அடித்துக் குழம்பு வைப்பதா என்று முடிவெடுப்பதற்காகக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

"அப்ப நாங்க பேசுற நாள எங்க போட்டு வைப்ப?"

"அத எதுக்குப் போட்டு வைக்கணும்?" என்றாள் அம்மா. "அது ஞாபகம் இருக்குமே. மறக்குறதத்தான போடணும்."

அக்கா அடுப்புக்குப் பக்கத்தில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் அம்மா சொன்னது பல நாள் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. நாலு வட்டத்தைப் பார்த்து நான் அழுதது வீணில்லை. வட்டம் முட்டையாக இருந்தாலும், போனில் குறைந்துபோயிருந்த அழைப்புகள் என்னுடையவைதானே. தம்பியிடம் மட்டும் உண்மையைச் சொல்லவில்லை. இன்றுவரை தினமும் பேசுகிறான், அது நடந்துகொண்டிருக்கட்டும்.

அன்றைக்கே மார்ச் மாதத் தாளில் இருந்த ஒரு முக்கோணத்தையும் காட்டிக் கேட்டேன். அது ஒரே ஒரு தடவைதான் வந்திருந்தது. அம்மா வெகுநேரம் அதைப் பார்த்தாள். தெரியவில்லை என்றாள். நோயினால் மறந்துவிட்டதோ என்று எனக்குப் பயம் வந்தது. அவளுக்கு அந்தப் பயமெல்லாம் இருக்கவில்லை. அது முடிந்துபோன காரியமாக இருக்கும், முடிந்த பிறகு எதற்கு என்றாள்.

கொழும்புக்குத் திரும்பிப்போனதும் இடமாற்றம் கேட்டு எழுதினேன். அதற்கு இரண்டு நினைவூட்டலும் எழுத வேண்டியிருந்தது. ஏப்ரலில் பதுளையில் ஓர் அலுவலகத்துக்கு மாற்றம் கிடைத்தது. இப்போது லயத்திலிருந்தே காலை ஏழு மணி பஸ்ஸில் வேலைக்குப் போய் வருகிறேன். அக்கா காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போகும் நேரமும் ஏறக்குறைய அதுதான், பாதி வழி சேர்ந்து நடப்போம்.

ஒக்டோபரில் ஒரு தடவை மறுபடியும் பெருமழை பெய்து, கிளினிக் நாளன்று பாதை மூடிக்கொண்டது. அடுத்த நாள் காலை நான் எழுந்து பார்க்கும்போது அம்மா சேலை உடுத்தி, கிளினிக் புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். "ஏசுனா ஏசட்டும்" என்றாள். போனோம். பாதை மூடியிருந்தது என்று நான் சிங்களத்தில் சொல்ல வாயெடுப்பதற்குள் புத்தகத்தை வாங்கித் தேதி போட்டு மாத்திரையைத் தந்துவிட்டார்கள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அம்மா வெளியே வந்து, இவ்வளவுதானா என்பது போல என்னைப் பார்த்தாள். ஒரு தேத்தண்ணீர்க் கடையில் உட்கார்ந்து ஆளுக்கொரு வடை சாப்பிட்டுவிட்டு வந்தோம்.

அம்மாவுக்கு இப்போதும் சில பெயர்கள் வாயில் வருவதற்கு நேரமெடுக்கும். நான் எடுத்துக் கொடுப்பதில்லை, அவளே சொல்லட்டும் என்று காத்திருப்பேன். போஞ்சிக்குத் தண்ணீர் ஊற்றுகிறாள், ரொட்டி தட்டுகிறாள். பேனை பிடிக்க வலது கை பழகிவிட்டது. கத்தி பிடிக்க மட்டும் இன்னும் பலமில்லை. அதனால் வேலையிலிருந்து வந்ததும் முகம் கழுவிவிட்டு வெங்காயம் வெட்ட நான்தான் உட்காருகிறேன்.